ஜி லீக் இக்னைட்

ஜி லீக் இக்னைட் என்பது 2020 முதல் 2024 வரை ஐக்கிய அமெரிக்காவில் இயங்கிய ஒரு தொழில்முறைக் கூடைப்பந்தாட்ட அணி ஆகும். உயர்நிலைப் பள்ளியை முடித்த இளம் வீரர்கள் கல்லூரி அணியில் சேராமல் ஊதியம் பெற்று விளையாடுவதற்கான மாற்று வழியாக, என். பி. ஏ.வின் துணைத் தொடரான ஜி லீக் இவ்வணியை உருவாக்கியது. இந்தியாவைச் சேர்ந்த பிரின்ஸ்பால் சிங் இதன் முதல் பருவ வீரர்களுள் ஒருவர்.

பின்னணி

2005ஆம் ஆண்டு ஒப்பந்தத்தின்படி, அமெரிக்க வீரர் ஒருவர் பள்ளிப் படிப்பை முடித்து ஓராண்டு கழிந்த பின்னரே என். பி. ஏ.வில் சேர இயலும். அந்த ஓராண்டைப் பெரும்பாலோர் கல்லூரி அணிகளில் கழித்தனர். அங்கு அப்போது கல்வி உதவித்தொகை கிடைத்தது, ஊதியம் கிடைக்கவில்லை. ஊதியம் பெற்று விளையாடியவர் கல்லூரி அணியில் ஆடும் தகுதியை இழந்தார்.

வரலாறு

இக்னைட் அணியில் முன்னணி வீரர்களுக்கு 5 இலட்சம் அமெரிக்க டாலர் வரை வழங்கப்பட்டதாகச் செய்திகள் வெளியாயின. பின்னர்ப் பட்டப்படிப்பு பயில விரும்புவோருக்குக் கல்வி உதவித்தொகையும் அளிக்கப்பட்டது. இவ்வணியின் ஜேலன் கிரீன் 2021ஆம் ஆண்டு என். பி. ஏ. வீரர் தேர்வில் இரண்டாம் இடத்திலும், இசுக்கூட் என்டர்சன் 2023இல் மூன்றாம் இடத்திலும் தெரிவு செய்யப்பட்டனர்.

பிரின்ஸ்பால் சிங்

பஞ்சாபின் குர்தாஸ்பூர் மாவட்டத்தைச் சேர்ந்த இவர், லூதியானா கூடைப்பந்தாட்டக் கழகத்திலும் என். பி. ஏ.வின் இந்தியப் பயிற்சி மையத்திலும் பயின்றவர். 2020 சூலையில் இக்னைட்டில் ஒப்பந்தமானார். ஆயினும் சில ஆட்டங்களில் மட்டுமே களமிறங்கினார். 2021இல் கோடைக்காலத் தொடரை வென்ற சாக்ரமெண்டோ கிங்சு அணியில் இடம்பெற்றார்.

நிறுத்தம்

2021 சூலை முதல் கல்லூரி வீரர்கள் தம் பெயரையும் உருவத்தையும் பயன்படுத்தி விளம்பர வருவாய் ஈட்ட அனுமதிக்கப்பட்டனர். கல்லூரியிலேயே பணம் கிடைத்ததால் இக்னைட்டின் தேவை குறைந்தது. 2023-24 பருவத்துடன் அணி நிறுத்தப்பட்டது. 2025 சூலை முதல் கல்லூரிகளே வீரர்களுக்கு நேரடியாகப் பணம் வழங்கலாம்.

தமிழ்நாட்டு நிலை

தமிழ்நாட்டில் கல்லூரியும் ஊதிய ஆட்டமும் இவ்வாறு எதிரெதிர் வழிகளாக அமையவில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில், காட்டாங்குளத்தூரிலுள்ள எஸ். ஆர். எம்., பழைய மாமல்லபுரம் சாலையில் படூரிலுள்ள இந்துஸ்தான் ஆகிய நிகர்நிலைப் பல்கலைக்கழகங்கள் கூடைப்பந்தாட்ட அணிகளைக் கொண்டுள்ளன. கல்லூரி அணியில் திறம் காட்டுவோர் இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, இணைப்புப் பெட்டித் தொழிற்சாலை போன்ற நிறுவனங்களின் அணிகளில் வேலைவாய்ப்புடன் சேர்வது நெடுநாள் வழக்கம். ஆட்டத்தை விட்ட பின்னரும் அவ்வேலை நிலைக்கும்.

ஊதியத் தொடர்களுக்கு அந்த நிலைப்பு இருந்ததில்லை. சென்னை சிலாம் அணி பங்கேற்ற யு. பி. ஏ. தொடர் 2015இல் தொடங்கி 2017உடன் நின்றது. இந்தியத் தேசியக் கூடைப்பந்து லீக்கின் முதல் பருவத்தில் சென்னை ஹீட் அணி 2023 சனவரியில் வாகை சூடியது. எனினும் இத்தகைய தொடர்கள் ஆண்டின் சிறு பகுதியில் மட்டுமே நடப்பதால், ஒரு மாணவரின் பட்டத்துக்கோ நிலையான வேலைக்கோ மாற்றாக அமைவதில்லை.