இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின கதை

புளியந்தீவில் இருக்கிற கோட்டையை நாங்கள் 'ஒல்லாந்தர் கோட்டை' என்றுதான் சொல்லுவோம். நீண்டகாலம் கச்சேரி இயங்கினதும் அதற்குள்ளதான். ஆனால் அதைக் கட்டத் தொடங்கினது போர்த்துக்கேயர், 1628இல். பத்தே வருசத்தில் அது கைமாறினது. அப்போது எழுதப்பட்ட ஒப்பந்தத்தின் ஒரு வரியைப் பற்றித்தான் இங்கே கதைக்கப்போகிறோம்.

மேற்குக் கரையும் அங்கத்தைய கறுவாவும் போர்த்துக்கேயரின் கையில். மலைக்குள் இருந்த கண்டி இராச்சியத்துக்குக் கடலைக் காட்டின வாசல்கள் கிழக்கில்தான் இருந்தன: மட்டக்களப்பு, கொட்டியாரம், திருகோணமலை. அதனால்தான் 1602இல் ஒல்லாந்தக் கடலோடி ஸ்பில்பேர்கன் மட்டக்களப்பில் வந்து இறங்கிக் கண்டிக்குப் போனபோது, விமலதர்மசூரியன் அவரை அவ்வளவு மரியாதையாக வரவேற்றான். போர்த்துக்கேயரை விரட்ட இன்னொரு கப்பற்படை கிடைத்துவிட்டது என்ற நம்பிக்கை. ஆனால் அடுத்த வருசமே உறவு முறிந்தது. பிடிபட்ட போர்த்துக்கேயரை விடுவித்ததால் மூண்ட மனக்கசப்பில், ஒல்லாந்தத் தளபதி டி வேர்ட் மட்டக்களப்பிலேயே கொல்லப்பட்டார்.

பெரியவர்களின் போட்டி வாவிக்கரையின் ஆட்களையும் மாற்றினது. போர்த்துக்கேயர் 1626இல் தங்கள் பகுதிகளில் இருந்து முஸ்லிம்களை வெளியேற்றியபோது, செனரத் மன்னன் அவர்களில் சுமார் 4,000 பேரை மட்டக்களப்புப் பகுதியில் குடியமர்த்தினான் என்று போர்த்துக்கேயப் பாதிரியார் குவைரோஸ் எழுதியிருக்கிறார்.

செனரத்தின் மகன் இரண்டாம் இராஜசிங்கன் திரும்பவும் ஒல்லாந்தரை அழைத்தான். 1638 மே 18இல் தளபதி வெஸ்டர்வோல்டின் படையும் கண்டிப் படையும் சேர்ந்து புளியந்தீவுக் கோட்டையைப் பிடித்தன. ஐந்து நாளில், மே 23இல், மட்டக்களப்பிலேயே ஒப்பந்தம் கைச்சாத்தானது. யுத்தச் செலவை மன்னன் கறுவா, மிளகு போன்ற பொருளாகக் கொடுக்க வேணும். யானை தவிர்ந்த வியாபாரத்தில் ஒல்லாந்தக் கம்பெனிக்கு ஏகபோகம். பிடிக்கிற கோட்டைகளில் ஒல்லாந்தப் படை நிற்கும்.

பிரச்சினை இந்தக் கடைசி நிபந்தனையில்தான். மன்னனின் கையில் இருந்த போர்த்துக்கேய மொழிப் பிரதியில் 'மன்னர் விரும்பினால்' என்ற கருத்தில் ஒரு தொடர் இருந்தது. ஒல்லாந்தரின் பிரதியில் அது இல்லை.

பிறகு நடந்ததைப் பாருங்கள். கறுவா விளையாத திருகோணமலையையும் மட்டக்களப்பையும் ஒல்லாந்தர் சில வருசத்தில் மன்னனிடம் ஒப்படைத்தார்கள். கறுவா விளையும் பக்கத்தில் இருந்த காலியையும் நீர்கொழும்பையும் 'கடன் இன்னும் தீரவில்லை' என்று சொல்லி வைத்துக்கொண்டார்கள். 1656இல் கொழும்பு விழுந்தபோது மன்னனின் ஆட்களை நகருக்குள் விடவே இல்லை. 1668இல் மட்டக்களப்பும் திரும்ப அவர்களிடம் போனது. 1766 ஒப்பந்தத்தோடு கரையோரம் முழுவதும் கம்பெனிக்கு. கண்டிக்குச் சொந்தமாக ஒரு துறைகூட மிஞ்சவில்லை.

'இஞ்சி கொடுத்து மிளகாய் வாங்கின மாதிரி' என்று சிங்களத்தில் ஒரு பழமொழி இருக்கு. இராஜசிங்கனின் கதைக்கு அதைத்தான் சொல்லுவார்கள். எங்களுக்கு அது அவனுக்குச் செய்கிற அநியாயமாகப் படுகிறது. கப்பற்படை இல்லாத அரசன் வேற என்ன செய்வான்? உதவி கேட்டதில் பிழை இல்லை. செலவுக் கணக்கை எழுதுகிற கையும் கோட்டைச் சாவியை வைத்திருக்கிற கையும் ஒன்றாகிவிட்டது. அங்கேதான் பிழைத்தது.

அதே காலத்து ஜொகூரை எடுத்துப் பாருங்கள். அந்த மலாய் அரசும் போர்த்துக்கேயருக்கு எதிராக ஒல்லாந்தரோடுதான் சேர்ந்தது. ஆனால் மலாக்கா நகரம் ஒல்லாந்தருக்கு, சுற்றுப்புறம் தங்களுக்கு என்று 1606லேயே பேசி வைத்திருந்தது. 1641இல் மலாக்கா விழுந்த பிறகு வியாபாரச் சலுகைகளைப் பெற்று, அந்த நூற்றாண்டின் பிற்பகுதியில் செழித்த துறைமுக அரசாக வளர்ந்தது.

எங்கட தீவிலேயே இன்னொரு உதாரணம் இருக்கு. 1952இல், கொரிய யுத்தம் நடந்துகொண்டிருந்தபோது, அமெரிக்காவின் எதிர்ப்பையும் மீறி இலங்கை சீனாவோடு இறப்பர்-அரிசி ஒப்பந்தம் செய்தது. அதனால் அமெரிக்க உதவி நின்றது. ஆனால் நாட்டுக்கு அரிசி வந்தது, இறப்பருக்கு நல்ல விலையும் கிடைத்தது. அதற்காக எந்தத் துறைமுகத்தையும் கொடுக்க வேண்டி வரவில்லை.

2017இல் அம்பாந்தோட்டைத் துறைமுகம் 99 வருசக் குத்தகைக்குச் சீனக் கம்பெனிக்குப் போனது. 2022இல் திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளுக்கு இந்தியாவோடு ஒப்பந்தம். தேத்தண்ணிக் கடையில் எங்களுக்குள் வாற சண்டை எப்பவும் 'இந்தியாவா, சீனாவா?' என்பதுதான். 1638ஐ வாசித்த பிறகு எங்களுக்கு வேற கேள்விகள் வருகின்றன. கடனை எப்படிக் கணக்குப் பார்க்கிறார்கள்? எந்த மொழிப் பிரதி செல்லும்? முழு ஒப்பந்தத்தையும் எங்களால் வாசிக்க முடியுமா?

இன்னொன்றும் இருக்கு. மட்டக்களப்பில் எழுதின அந்த ஒப்பந்தத்தில் மன்னனும் கம்பெனியும்தான் தரப்புகள். வாவியில் தோணி விட்டவர்களும், வயல் செய்தவர்களும், 1626இல் வந்து குடியேறினவர்களும் அதில் ஒரு தரப்பாக இல்லை. கோட்டை மட்டும் அவர்களின் ஊரில் இருந்தது.

அடுத்தமுறை அந்தக் கோட்டை வாசலில் நின்று படம் எடுக்கும்போது, அந்த விடுபட்ட தொடரையும் ஒருக்கா நினைத்துக்கொள்ளுங்கள்.