பெருந்தொற்று வந்தால் அபார்ட்மென்ட் அசோசியேஷன் எதைச் செய்யலாம், எதைச் செய்யக் கூடாது?

2020 மார்ச் 24 இரவு எட்டு மணிக்கு 21 நாள் ஊரடங்கை அறிவித்தார் பிரதமர் மோடி. மறுநாள் காலை டெல்லி, மும்பை, பெங்களூரு, சென்னை என்று எல்லா நகரங்களிலும் அடுக்குமாடிக் குடியிருப்புகளின் கேட்டில் புதிதாக ஓர் அரசாங்கமே உட்கார்ந்திருந்தது. அதுவரை தண்ணீர் லாரி, ஜெனரேட்டர் டீசல், பார்க்கிங் சண்டை என்று போய்க்கொண்டிருந்த அசோசியேஷன்கள், யார் உள்ளே வரலாம், யார் வெளியே போகலாம் என்று முடிவு செய்ய ஆரம்பித்தன. பால் பாக்கெட் கேட் வரைக்கும்தான். பேப்பர் போடுபவர் வரவே கூடாது. (அரசு உத்தரவில் அச்சு ஊடகத்துக்கு விலக்கு இருந்தது. அதைப் படித்துப் பார்த்த கமிட்டிகள் குறைவு.)

இதை எல்லாம் செய்தவர்கள் யார்? பெரும்பாலும் ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி, ஐடி ஊழியர், சொந்தமாகக் கடை வைத்திருப்பவர் என்று சம்பளம் வாங்காமல் இந்தப் பொறுப்பை ஏற்றவர்கள். பயமும் இருந்தது, பொறுப்பும் இருந்தது. ஆனால் அதிகாரம் இருந்ததா? கேள்வி அங்கேதான் தொடங்குகிறது.

அசோசியேஷனுக்குச் சட்டம் கொடுக்கும் அதிகாரம் எவ்வளவு?

மும்பை, புனேவில் இருப்பவை பெரும்பாலும் 1960-ஆம் ஆண்டு மகாராஷ்டிர கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்படி பதிவானவை. பெங்களூருவில் 1972-ஆம் ஆண்டு கர்நாடக அடுக்குமாடி உரிமைச் சட்டம் இருக்கிறது. உத்தரப் பிரதேசத்துக்கு 2010-ஆம் ஆண்டுச் சட்டம். டெல்லியில் குடியிருப்போர் நலச் சங்கங்கள் பலவும் 1860-ஆம் ஆண்டு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ் வருபவை. தமிழ்நாட்டில் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தது, அதற்குப் பதிலாக 2022-இல் புதிய சட்டம் நிறைவேறியது.

சட்டங்கள் வேறாக இருந்தாலும் உள்ளடக்கம் கிட்டத்தட்ட ஒன்றுதான். பொதுச் சொத்தைப் பராமரிக்கலாம், அதற்கான பணத்தை வசூலிக்கலாம், கணக்குக் காட்ட வேண்டும். ஆக, ஜிம்மை மூடலாம். நீச்சல் குளத்தை மூடலாம். பார்ட்டி ஹாலுக்கு புக்கிங் இல்லை என்று சொல்லலாம். லிஃப்டில் ஒரே நேரத்தில் இத்தனை பேர்தான் என்று போர்டு வைக்கலாம்.

ஒருவரைத் தனிமைப்படுத்துவது, ஒரு கட்டடத்துக்கு சீல் வைப்பது, நடமாட்டத்தைத் தடுப்பது எல்லாம் வேறு ரகம். அந்த அதிகாரம் 1897-ஆம் ஆண்டு தொற்றுநோய்ச் சட்டத்திலும் 2005-ஆம் ஆண்டு பேரிடர் மேலாண்மைச் சட்டத்திலும் இருக்கிறது. அதைப் பயன்படுத்த வேண்டியவர்கள் மாநில அரசு, மாவட்ட ஆட்சியர், மாநகராட்சி ஆணையர் போன்றவர்கள். அவர்கள் போட்ட உத்தரவை மீறினால் பேரிடர் சட்டத்தின் 51-ஆவது பிரிவின்படி ஓராண்டு வரை சிறைத் தண்டனை கிடைக்கலாம். கமிட்டி போட்ட ரூலை மீறினால் அப்படி எதுவும் கிடையாது. செக்ரட்டரியின் வாட்ஸ்அப் மெசேஜ் அரசாணை ஆகிவிடாது. அரசு சொன்னதை அசோசியேஷன் நடைமுறைப்படுத்தலாம். அதைவிடக் கடுமையாக ஒன்றைத் தானே கண்டுபிடித்து, சொந்த வீட்டுக்குத் திரும்பி வருபவரை கேட்டில் நிறுத்த முடியாது. வாடகைக்கு இருப்பவரையும்தான். அவருக்குப் பல இடங்களில் ஓட்டு இல்லை, ஆனால் அந்த வீட்டில் இருக்கும் உரிமை உண்டு.

இதில் முதலில் அடிபட்டவர்கள் மருத்துவர்களும் செவிலியர்களும். வாடகை வீட்டைக் காலி செய்யச் சொல்கிறார்கள் என்று எய்ம்ஸ் பயிற்சி மருத்துவர் சங்கம் 2020 மார்ச்சில் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதியது. ஏப்ரல் 22 அன்று தொற்றுநோய்ச் சட்டத்தைத் திருத்தி அவசரச் சட்டம் வந்தது. மருத்துவப் பணியாளரைத் தாக்கினால் மூன்று மாதம் முதல் ஐந்து ஆண்டு வரை சிறை, 50,000 முதல் 2 லட்சம் ரூபாய் வரை அபராதம். அடிப்பது மட்டுமல்ல, அவர் வாழும் சூழலைப் பாதிக்கும்படி தொல்லை கொடுப்பதும் இதில் அடங்கும். கேட்டில் நின்று ஒரு நர்ஸிடம் "நீங்க வேற இடம் பார்த்துக்கோங்க" என்று சொன்ன கமிட்டி மெம்பருக்கு இந்தச் சட்டம் தெரிந்திருக்க வாய்ப்பில்லை.

வீட்டு வேலைக்கு வருபவர்களைத் தடுக்கலாமா?

அதிகச் சண்டை நடந்தது இந்தக் கேள்வியில்தான். 2020 மே தொடக்கத்தில் மத்திய அரசு இந்த முடிவைக் குடியிருப்போர் சங்கங்களிடமே விட்டது. விளைவு, ஒவ்வொரு கேட்டுக்கும் ஒரு சட்டம். ஒரு டவரில் அனுமதி, பக்கத்து டவரில் இல்லை. தனியாக இருக்கும் எண்பது வயது அம்மாவுக்குச் சமைத்துக் கொடுக்க வருபவரையும், வாரம் ஒருமுறை கார் கழுவ வருபவரையும் ஒரே தராசில் வைத்த கமிட்டிகள் உண்டு. பிறகு மகாராஷ்டிரம் போன்ற மாநிலங்களில், அரசு தடை செய்யாததை சொசைட்டிகள் தடை செய்யக் கூடாது என்று அதிகாரிகளே சொல்ல வேண்டி வந்தது.

"வராதீங்க" என்று சொன்னவர்கள் சம்பளத்தைப் பற்றிப் பேசவில்லை. உங்களுக்குச் சேவை செய்பவர்களின் சம்பளத்தைப் பிடிக்காதீர்கள் என்று மார்ச் 19 உரையில் பிரதமர் கேட்டுக்கொண்டார். அது வேண்டுகோள்தான், சட்டம் இல்லை. வீட்டு வேலை செய்பவருக்கும் அசோசியேஷனுக்கும் எந்த ஒப்பந்தமும் கிடையாது. அவரை வேலைக்கு வைத்தவர் ஃபிளாட்காரர், வழியை மறித்தது கமிட்டி. இரண்டு பேருக்கும் நடுவில் ஒரு மாதச் சம்பளம் காணாமல் போனது. தடை போடும் கமிட்டி, அதே சர்குலரில் "இந்த நாட்களுக்கான சம்பளத்தைக் கொடுத்துவிடுங்கள்" என்று ஒரு வரி சேர்ப்பதற்கு எந்தச் சட்டமும் தேவையில்லை.

பிறகு கெடுபிடி வேறு வடிவத்தில் வந்தது. கோவிட் நெகட்டிவ் ரிப்போர்ட் கொண்டு வா என்றார்கள். 2020 மார்ச்சில் தனியார் லேபில் ஒரு பரிசோதனைக்கு ஐசிஎம்ஆர் வைத்த உச்சவரம்பு 4,500 ரூபாய். பல வீடுகளில் ஒரு பணியாளருக்குக் கொடுக்கும் மாதச் சம்பளமே அவ்வளவு இருக்காது. ஆரோக்கிய சேது இல்லாமல் உள்ளே விட மாட்டோம் என்றார்கள். ஸ்மார்ட்போன் இல்லாதவர் என்ன செய்வார்? அலுவலகங்களுக்கே அந்தச் செயலியைக் கட்டாயம் என்று மே 1-இல் சொன்ன உள்துறை, மே 17 உத்தரவில் அதைத் தளர்த்திவிட்டது. விமானத்தில் வந்து இறங்கிய குடியிருப்புவாசியிடம் கேட்காத கேள்வியை, இரண்டு தெரு தள்ளி நடந்து வருபவரிடம் கேட்டால் அது நோய்த்தடுப்பு ஆகாது.

2021 பிப்ரவரியில் பெங்களூரு பொம்மனஹள்ளி பகுதியில் ஒரே அபார்ட்மென்ட்டில் 100-க்கும் மேற்பட்டோருக்குத் தொற்று உறுதியானது. அதற்கு முன்பு அங்கே நடந்த விருந்தைத்தான் மாநகராட்சி சுட்டிக்காட்டியது. அந்த விருந்து நடந்ததும் கேட்டுக்கு உள்ளேதான்.

பாசிட்டிவ் என்றால் யாருக்குச் சொல்ல வேண்டும்?

"எந்த ஃபிளாட்?" குரூப்பில் முதலில் வரும் கேள்வி அதுதான். இரண்டு நிமிடத்தில் பெயர், வயது, எங்கே போய் வந்தார் என்பது வரைக்கும் வந்துவிடும்.

தொற்று உள்ளவர் வீட்டு வாசலில் போஸ்டர் ஒட்டுவதை எதிர்த்த வழக்கில் 2020 டிசம்பர் 9 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பேரிடர் மேலாண்மைச் சட்டத்தின் கீழ் உரிய அதிகாரி குறிப்பாக உத்தரவிட்டால் ஒழிய, அப்படி ஒட்டக் கூடாது. அரசு ஊழியரே தானாக ஒட்ட முடியாது என்னும்போது அசோசியேஷன் எப்படி ஒட்ட முடியும்? ஆனால் மொத்தக் கட்டடத்துக்கும் சேர்த்து வைக்கும் போர்டு வேறு. 2021 ஏப்ரலில் மகாராஷ்டிர அரசு, ஐந்து பேருக்கு மேல் தொற்று இருக்கும் சொசைட்டியை நுண் கட்டுப்பாட்டுப் பகுதியாக அறிவித்து வாசலில் போர்டு வைக்கச் சொன்னது. தவறினால் முதல் முறை 10,000 ரூபாய் அபராதம். அது அரசு போட்ட உத்தரவு. அதில் யார் பெயரும் இல்லை.

நடைமுறையில் செக்ரட்டரிக்கும் எஸ்டேட் மேனேஜருக்கும் ஃபிளாட் எண் தெரிந்தால் போதும். குப்பை எடுப்பவருக்குக் கட்டாயம் தெரிய வேண்டும், ஏனென்றால் ஆபத்து அவருக்குத்தான். தனிமையில் இருப்பவரின் மாஸ்க், கையுறை, டிஷ்யூ எல்லாம் மஞ்சள் பையில் தனியாகப் போக வேண்டும் என்பது மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் வழிகாட்டுதல். தொற்று இல்லாத வீட்டு மாஸ்க் என்றால், காகிதப் பையில் 72 மணி நேரம் வைத்து, வெட்டி, உலர் குப்பையில் போட வேண்டும். நிறைய இடங்களில் ஹவுஸ்கீப்பிங் ஊழியர்களுக்கு எந்த வீடு என்றே சொல்லவில்லை. குரூப்பில் 300 பேருக்குத் தெரியும், பையைத் தூக்குபவருக்குத் தெரியாது.

பணத்தை எப்படிச் சமாளிப்பது?

சானிடைசர், தெர்மல் கன், வீட்டுக்குப் போக முடியாமல் வளாகத்திலேயே தங்கிய செக்யூரிட்டிகளுக்குச் சாப்பாடு என்று செலவு ஏறும். வேலை போனவர்கள் மெயின்டெனன்ஸ் கட்ட மாட்டார்கள். "ஸ்விம்மிங் பூல் மூடித்தானே இருக்கு, குறைச்சுக்கோங்க" என்று ஒரு கூட்டம் கேட்கும். மெயின்டெனன்ஸ் என்பது கட்டணம் இல்லை, செலவைப் பங்கு போடுவது. பூலை மூடினாலும் லிஃப்ட் ஏஎம்சி நிற்காது. உண்மையிலேயே மிச்சமானதைக் கணக்கில் காட்டி அடுத்த காலாண்டில் கழிப்பதுதான் நியாயம். பாக்கிக்காகத் தண்ணீரையோ மின்சாரத்தையோ துண்டிக்கப் போகாதீர்கள், வழக்கு உங்கள் மேல் திரும்பும். பதிவாளர் வழியாகவோ நீதிமன்றம் வழியாகவோ வசூலிக்கலாம்.

சிறப்பு வசூல் போடும்போது ஜிஎஸ்டியைப் பார்க்க வேண்டும். ஒரு உறுப்பினருக்கு மாதம் 7,500 ரூபாய் வரை விலக்கு உண்டு. அதைத் தாண்டினால் முழுத் தொகைக்கும் வரி என்று 2019-இல் மத்திய மறைமுக வரி வாரியம் சொன்னது. 2021 ஜூலையில் சென்னை உயர் நீதிமன்றம், 7,500-க்கு மேற்பட்ட தொகைக்கு மட்டும்தான் வரி என்றது. வசூலுக்கு முன் ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.

பலர் கவனிக்காத விஷயம் செக்யூரிட்டியின் இஎஸ்ஐ. 2021-இல் இஎஸ்ஐ கழகம் கொண்டுவந்த கோவிட் நிவாரணத் திட்டத்தின்படி, காப்பீடு பெற்ற தொழிலாளி கோவிட்டால் இறந்தால் அவரது சராசரிக் கூலியில் 90 சதவீதம் குடும்பத்துக்கு மாதாமாதம் கிடைக்க வழி இருந்தது. தொற்று உறுதியாவதற்கு மூன்று மாதம் முன்பே பெயர் பதிவாகியிருக்க வேண்டும், முந்தைய ஓராண்டில் 70 நாட்களுக்காவது சந்தா கட்டப்பட்டோ கட்ட வேண்டியதாகவோ இருந்திருக்க வேண்டும் என்பது அதன் நிபந்தனை. ஏஜென்சி பில்லில் இஎஸ்ஐ என்று ஒரு வரி போட்டு அசோசியேஷனிடம் பணம் வாங்கிக்கொண்டு, கட்டாமல் விட்டால்? அந்தக் குடும்பம் சிக்கலில் மாட்டிக்கொள்ளும். பில்லுக்குக் கையெழுத்துப் போடும் ட்ரெஷரர் மாதாமாதம் சலான் நகலைக் கேட்டு வாங்க வேண்டும்.

கூட்டமே போட முடியாவிட்டால்?

பொதுக்குழு நடக்கவில்லை, கமிட்டியின் காலம் முடிந்துவிட்டது, ஆனாலும் செக் போட வேண்டும். 2020-இல் நூற்றுக்கணக்கான அசோசியேஷன்கள் இப்படி மாட்டிக்கொண்டன. கம்பெனிகளுக்கு வீடியோவில் கூட்டம் நடத்த மத்திய அரசு வழி செய்தது. சங்கங்களுக்கு மாநில அரசு இறங்கி வர வேண்டும். மகாராஷ்டிரம் பொதுக்குழுவுக்கான காலக்கெடுவை நீட்டித்தது. குரூப்பில் கட்டை விரல் காட்டுவது தீர்மானம் ஆகாது. வீடியோ கூட்டம், அவசரத்தில் கமிட்டி எவ்வளவு வரை செலவழிக்கலாம், பிறகு எத்தனை நாளில் கணக்கு வைக்க வேண்டும் ஆகியவற்றை உங்கள் மாநிலச் சட்டம் அனுமதிக்கும் அளவில் பைலாவில் இப்போதே எழுதி வைக்கலாம்.

இரண்டாவது அலை சொல்லித் தந்தது

2021 ஏப்ரல், மே மாதங்களில் படுக்கை கிடைக்காமல் ஊரே அலைந்தபோது பல அசோசியேஷன்கள் ஆக்சிஜன் செறிவூட்டி வாங்கின. சமூகக் கூடத்தில் சிறிய கோவிட் பராமரிப்பு மையம் அமைப்பதற்கான வழிகாட்டுதலை சுகாதார அமைச்சகம் 2020 ஜூலையிலேயே வெளியிட்டிருந்தது. அது அறிகுறி இல்லாத, மிக லேசான தொற்று உள்ளவர்களுக்கானது. முதியவர், கர்ப்பிணி, குழந்தைகள், வேறு நோய் உள்ளவர்களுக்கு அல்ல. மருத்துவர் தினமும் பார்க்க வேண்டும், படுக்கைகளுக்கு இடையே குறைந்தது ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். நிமிடத்துக்கு ஐந்து லிட்டர் தரும் செறிவூட்டி, மருத்துவமனைக்குப் போகும் வரை தாங்குவதற்குத்தான். இரண்டு வீட்டுக்கு ஒரே நேரத்தில் தேவைப்பட்டால் யாருக்கு என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும், பிரசிடென்ட் அல்ல.

என்னைக் கேட்டால், எல்லாவற்றையும்விட உதவியது ஒரு நோட்டுப் புத்தகம்தான். தனியாக இருக்கும் முதியவர்கள் யார், என்ன மருந்து சாப்பிடுகிறார்கள், வெளிநாட்டில் இருக்கும் பிள்ளையின் எண் என்ன, மாற்றுச் சாவி யாரிடம். அந்தப் பட்டியலை வைத்துக்கொண்டு தினமும் காலையில் போன் போட்ட அசோசியேஷன்களில், கதவை உடைக்க வேண்டிய நிலை வரவில்லை.

தடுப்பூசி முகாமைப் பொறுத்தவரை ஒரு எச்சரிக்கை. 2021 மே 30 அன்று மும்பை காந்திவலியில் ஒரு சொசைட்டியில் 390 பேர் தலைக்கு 1,260 ரூபாய் கொடுத்து ஊசி போட்டுக்கொண்டார்கள். சான்றிதழ்கள் வெவ்வேறு மருத்துவமனைகளின் பெயரில் வந்தபோதுதான் சந்தேகம் வந்தது. முகாமே போலி. யாரோ ஒருவர் "எனக்குத் தெரிந்த ஆள்" என்று அழைத்து வந்தால் போதாது, மருத்துவமனைக்கே நேராக போன் செய்து உறுதிப்படுத்த வேண்டும். ஊசி போடாதவரை லிஃப்டில் ஏற்ற மாட்டோம் என்று சொன்னவர்களுக்கு, யாரையும் தடுப்பூசி போடக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2022 மே 2 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது பதில்.

கமிட்டி வரம்பு மீறினால் எங்கே போவது?

கேட்டில் நிற்க வைத்துவிட்டார்கள் என்றால் முதலில் 112. அதிகமாகப் பேச வேண்டாம், "எந்த அரசு உத்தரவின்படி தடுக்கிறீர்கள், அதை எழுத்தில் கொடுங்கள்" என்று கேட்டாலே பாதி இடங்களில் கேட் திறந்துவிடும். மகாராஷ்டிரத்தில் கூட்டுறவுத் துணைப் பதிவாளரிடம் புகார் கொடுக்கலாம். மற்ற மாநிலங்களில் உங்கள் அசோசியேஷன் எந்தச் சட்டத்தில் பதிவாகியிருக்கிறது என்பதைப் பொறுத்து சங்கப் பதிவாளர் அல்லது சிவில் நீதிமன்றம். பதிவுச் சான்றிதழின் நகலை இப்போதே ஆபீஸில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். அசோசியேஷன் பதிவே ஆகவில்லை என்பதும் சில இடங்களில் அப்போதுதான் தெரியவரும்.