திருச்சியில் பிறந்த வித்வன்சக்: ஒரு துப்பாக்கி, மூன்று குழல்கள்

பி.காம் படிக்கிறவனுக்குத் துப்பாக்கியில் என்ன வேலை என்று கேட்பீர்கள். பொறுங்கள் நண்பர்களே, இந்தக் கதையில் தோட்டாவை விடக் கணக்கு வழக்குதான் அதிகம். கொடைக்கானலில் என்னோடு பள்ளியில் படித்த இரண்டு பேர் இப்போது ராணுவத்தில் இருக்கிறார்கள். அவர்கள் தோளில் எந்தத் துப்பாக்கி ஏறும் என்பதை யார் முடிவு செய்கிறார்கள் என்று தேடப் போய், நம்ம திருச்சிக்கு வந்து நின்றேன்.

திருச்சி படைக்கலத் தொழிற்சாலை 1966-ல் தொடங்கியது. இன்சாஸ் ரைஃபிள்கள் தயாரான ஆலைகளில் இதுவும் ஒன்று. 2021 அக்டோபர் 1 அன்று படைக்கலத் தொழிற்சாலை வாரியம் கலைக்கப்பட்டு 7 அரசு நிறுவனங்களாகப் பிரிந்தபோது, இந்த ஆலை கான்பூரைத் தலைமையிடமாகக் கொண்ட ஏ.டபிள்யூ.இ.ஐ.எல். நிறுவனத்தின் கீழ் வந்தது. 'வித்வன்சக்' இங்கேதான் உருவானது. இந்தியில் 'அழிப்பவன்' என்று பொருள்.

இது ஆளைக் குறிவைக்கும் சாதாரண ரைஃபிள் இல்லை. பதுங்கு குழி, நிறுத்தி வைத்த விமானம், ரேடார், எரிபொருள் லாரி, லேசான கவச வண்டி போன்றவற்றைத் தூரத்தில் இருந்து உடைப்பதற்கானது. 1999 கார்கில் போரில் எதிரி மலை உச்சியில் கல் அரணுக்குள் உட்கார்ந்திருந்தான். நம் வீரர்கள் கீழிருந்து ஏறினார்கள். ஓர் அரணை உடைக்க ஒவ்வொரு முறையும் பீரங்கியைக் கூப்பிட முடியாது. ஆள் சுமந்து போகக்கூடிய பெரிய துப்பாக்கியின் தேவை இங்கே பளிச்சென்று தெரிந்தது.

அப்போது இந்தியா கடைக்குப் போனது தென்னாப்பிரிக்காவுக்கு. டெனெல் நிறுவனத்தின் என்.டி.டபிள்யூ-20 வாங்கப்பட்டது. டோனி நியோஃபைட்டூ 1990-களில் வடிவமைத்த துப்பாக்கி அது. 20 மி.மீ. தோட்டாவும் சுடலாம், குழலையும் போல்ட்டையும் மாற்றினால் 14.5 மி.மீ. தோட்டாவும் சுடலாம். 2005-ல் இடைத்தரகர் கமிஷன் புகார் கிளம்பியது. டெனெல் உடனான வியாபாரம் மொத்தமாக நிறுத்தப்பட்டது. பின்னாளில் சி.பி.ஐ. போதுமான ஆதாரம் இல்லை என்று வழக்கை முடித்தது. 2018-ல் தடையும் நீங்கியது. ஆனால் 2005-ல் நிலைமை என்ன? தேவை அப்படியே இருக்கிறது, கடை மூடிவிட்டது.

அந்த இடத்தில்தான் திருச்சி உள்ளே வந்தது. 2005-க்கும் 2007-க்கும் இடையில் வித்வன்சக் தயாரானது. தென்னாப்பிரிக்கத் துப்பாக்கியின் சாயல் தெளிவாகத் தெரியும், மறைக்க ஒன்றுமில்லை. ஆனால் திருச்சிக்காரர்கள் ஒரு படி கூடப் போய் 12.7, 14.5, 20 மி.மீ. என மூன்று காலிபர்களையும் ஒரே உடலில் கொண்டு வந்தார்கள்.

வீட்டு மிக்ஸியை நினைத்துக்கொள்ளுங்கள். மோட்டார் ஒன்று, ஜார் மூன்று. இங்கே மோட்டாரின் இடத்தில் துப்பாக்கியின் உடலும் உதைப்பைத் தாங்கும் அமைப்பும். ஜாரின் இடத்தில் குழல், போல்ட், மேகசின், தொலைநோக்கி. ஏன் இத்தனையும் மாற வேண்டும்? தோட்டா தடித்தால் குழலின் துளை மாற வேண்டும். தோட்டாவின் அடிப்பாகத்தைப் பிடிப்பது போல்ட், அதன் வாய் அளவு மாற வேண்டும். குண்டு பறக்கும் பாதை வேறாவதால் குறிபார்க்கும் கருவியும் மாற வேண்டும். இவ்வளவு பெரிய தோட்டாவின் உதைப்பை நேராகத் தோளில் வாங்கினால் எலும்பு மிஞ்சாது. அதனால் சுடும்போது குழலும் அதன் பின்பகுதியும் சேர்ந்து பின்னால் நகர, அதிர்வு தாங்கிகள் அந்த வேகத்தை விழுங்கிவிடும்.

12.7 மி.மீ. குழலில் சுமார் 1,800 மீட்டர் வரை அடிக்கும். 20 மி.மீ. குழலில் எட்டும் தூரம் குறைவு, சுமார் 1,300 மீட்டர். ஆனால் வெடிக்கும் குண்டு போட முடியும். 12.7 மி.மீ. தோட்டா டி-72 டாங்கியின் இயந்திரத் துப்பாக்கிக்காக ஏற்கெனவே நம் கிடங்கில் இருந்தது. எங்கள் காஸ்ட் அக்கவுண்டிங் வாத்தியார் கேட்டால் சந்தோஷப்படுவார்.

விலையிலும் சந்தோஷம்தான். அந்நாளில் வந்த செய்திகளின்படி வித்வன்சக் சுமார் 10 லட்சம், வெளிநாட்டுத் துப்பாக்கி அதைப்போல் இரண்டு மடங்குக்கு மேல். எல்லைப் பாதுகாப்புப் படை வாங்கியது. தரைப்படை வாங்கவில்லை. காரணம் எடை: 25 கிலோவுக்குக் குறையாது.

25 கிலோ என்பதைக் காகிதத்தில் படித்தால் ஒன்றும் தோன்றாது. கும்பக்கரையில் இருந்து வெள்ளகவி வழியாகக் கொடைக்கானல் ஏறும் பழைய பாதையில், வெறும் தண்ணீர் பாட்டிலோடு ஏறிப் பாருங்கள். பிறகு துப்பாக்கியை இரண்டாகப் பிரித்து ஆளுக்குப் பாதி முதுகில் வைத்து, தோட்டாவையும் சேர்த்து, காற்றே மெலிந்த 15,000 அடி உயரத்தில் ஏறுவதாக நினைத்துப் பாருங்கள். மிச்சம் பிடித்த 10 லட்சத்துக்கு மேற்பட்ட ரூபாய் லெட்ஜரில் வரவாக ஏறிவிடும். அந்த முதுகுவலியை எழுத லெட்ஜரில் பத்தியே கிடையாது.

அதே சமயம் இன்னொரு கணக்கையும் பார்க்க வேண்டும். 2011-ல் தரைப்படை சாதாரண வீரனுக்கே இரட்டைக் காலிபர் ரைஃபிள் கேட்டு டெண்டர் விட்டது. 5.56 மி.மீ. குழல் ஒன்று, 7.62×39 குழல் ஒன்று, எண்ணிக்கை 66,000. பெரெட்டா, கோல்ட், சிக், செக் நாட்டு சி.இசட்., இஸ்ரேலின் ஐ.டபிள்யூ.ஐ. என ஐந்து நிறுவனங்கள் போட்டியில் நின்றன. 2015-ல் டெண்டரே ரத்து. புனேயின் ஏ.ஆர்.டி.இ. 2014-ல் காட்சிக்கு வைத்த மூன்று காலிபர் ரைஃபிளும் படைக்குள் வரவில்லை. கடைசியில் 2019-ல் அமெரிக்க சிக்-716, 2021 டிசம்பரில் 6,01,427 ஏகே-203 என்று ஒற்றைக் காலிபர் துப்பாக்கிகளுக்கே ஒப்பந்தம் போனது. இந்த எட்டு, பத்து வருடமும் பெரும்பாலான வீரர்கள் பழைய இன்சாஸையே தூக்கினார்கள்.

என் பார்வையில் வித்தியாசம் இதுதான். பொருளை உடைக்கும் துப்பாக்கி ஒரு படைக்குச் சில நூறு போதும். அதைப் பயிற்சி பெற்ற சிறு குழு இயக்கும், கிளம்பும் முன்பே எந்தக் குழல் என்று முடிவு செய்யும். அங்கே மூன்று ஜார் லாபம். லட்சக்கணக்கான வீரர்களுக்கு இரண்டு குழல் கொடுத்தால், இரண்டாவது குழல் பெரும்பாலும் கிடங்கில் தூங்கும். குழல் மாற்றிய ஒவ்வொரு முறையும் குறியைத் திரும்பச் சரிபார்க்க வேண்டும். இரண்டு வகைத் தோட்டாவையும் மலை மேல் ஏற்ற வேண்டும். எந்தக் காலிபர் என்று முடிவெடுக்கத் தயங்கிய தலைமை, அந்தத் தயக்கத்தின் செலவை வீரன் தலையில் கட்டியது போலத்தான் எனக்குப் படுகிறது.

திருச்சி ஆலைக்கு வடிவமைக்கத் தெரியும் என்று வித்வன்சக் காட்டிவிட்டது. அடுத்து அதன் எடையில் பாதியைக் குறைக்க யாராவது பணம் ஒதுக்கினால், அதை நான் செலவு என்று எழுத மாட்டேன், முதலீடு என்றுதான் எழுதுவேன். உங்கள் கணக்கு வேறாக இருந்தால் பின்னூட்டத்தில் சொல்லுங்கள், பேசுவோம்.