‘இட்’ எங்கே நிற்கும்? ஆங்கிலக் கூட்டுவினைகளில் மூவிடப்பெயரின் இடம்

1. ஆய்வுப் பொருள்

ஆங்கில வினையோடு ‘அப்’, ‘அவுட்’, ‘ஆஃப்’, ‘ஆன்’ போன்ற சிறுசொல் ஒன்று சேர்ந்து புதுப்பொருள் தருவதைப் பள்ளியிலேயே பட்டியல் போட்டுப் படித்திருப்போம். ‘கிவ்’ என்றால் கொடு, ‘கிவ் அப்’ என்றால் கைவிடு. ‘புட்’ என்றால் வை, ‘புட் ஆஃப்’ என்றால் தள்ளிப்போடு. பட்டியல் மனப்பாடமாகிவிடும். பேச வாயெடுக்கும்போதுதான் தடுமாற்றம், அதுவும் ‘இட்’, ‘ஹிம்’, ‘தெம்’ போன்ற மூவிடப்பெயர் நுழையும் இடத்தில்.

என் வகுப்பில் ஒரு மாணவி, கீழே விழுந்த பேனாவைக் காட்டித் தோழியிடம் ‘ப்ளீஸ் பிக் அப் இட்’ என்றாள். இலக்கணத் தேர்வில் நல்ல மதிப்பெண் வாங்குபவள். ‘பிக் அப் த பென்’ சரி, ‘பிக் த பென் அப்’ சரி, ‘பிக் இட் அப்’ சரி என்றால் ‘பிக் அப் இட்’ மட்டும் ஏன் தவறு என்று கேட்டாள். ‘அது மரபம்மா’ என்று சொல்லிக் கடந்துவிடக்கூடிய கேள்வியல்ல அது. ஆங்கிலத் தொடரின் கட்டுமானமே அதற்குள் இருக்கிறது.

2. சிறுசொல் யாருக்குச் சொந்தம்?

இரண்டு தொடர்களை அருகருகே வைப்போம். ‘ஷி ரேன் அப் த ஹில்’: அவள் குன்றின்மேல் ஓடினாள். ‘ஷி ரேன் அப் த பில்’: அவள் பில்லை ஏற்றிவிட்டாள், அதாவது செலவை வளர்த்துவிட்டாள். பார்வைக்கு இரண்டும் ஒரே அச்சு. இப்போது குன்றையும் பில்லையும் எடுத்துவிட்டு ‘இட்’ போடுங்கள். குன்றுக்கு ‘ஷி ரேன் அப் இட்’. பில்லுக்கு ‘ஷி ரேன் இட் அப்’. மாற்றிச் சொன்னால் பொருள் கெடும்.

முதல் தொடரில் ‘அப்’ குன்றுக்குச் சொந்தம். நம் வேற்றுமை உருபு பெயருக்குப் பின்னால் ஒட்டுவதுபோல் அது பெயருக்கு முன்னால் நிற்கிறது. இதை முன்னுருபு என்போம். இரண்டாம் தொடரில் ‘அப்’ வினைக்குச் சொந்தம். இதை ஒட்டுச்சொல் என்போம். முன்னுருபு தன் பெயரை விட்டுப் பிரியாது. ஆகவே ‘இட்’ அதன் பின்னால்தான் வரும். ஒட்டுச்சொல்லுக்கு அந்தக் கட்டு இல்லை.

‘லுக் ஓவர்’ என்பதும் இப்படியே. சுவருக்கு மேலாக எட்டிப் பார்த்தால் ‘லுக்ட் ஓவர் இட்’. விண்ணப்பத்தை ஒருமுறை புரட்டிச் சரிபார்த்தால் ‘லுக்ட் இட் ஓவர்’.

இங்கே பல கையேடுகள் சறுக்குகின்றன. பொருள் மாறினால் ஒட்டுச்சொல், மாறாவிட்டால் முன்னுருபு என்று அவை பிரித்துவிடுகின்றன. அது பிழை. ‘லுக் ஆஃப்டர்’ என்பதற்கும் ‘பின்னால் பார்’ என்பதற்கும் தொடர்பே இல்லை. அதன் பொருள் ‘பராமரி’. ஆனாலும் ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்றுதான் சொல்ல வேண்டும். ‘லுக் ஹிம் ஆஃப்டர்’ கிடையாது. பொருளை வைத்து வகை பிரிக்க முடியாது. மூவிடப்பெயர் நிற்கும் இடமே வகையைக் காட்டும்.

காதும் இதற்குத் துணை செய்யும். ‘லுக் அட் இட்’ என்பதில் அழுத்தம் ‘லுக்’மேல் விழும், ‘அட்’ தேய்ந்து ஒலிக்கும். ‘பிக் இட் அப்’ என்பதிலோ ‘அப்’ அழுந்தி ஒலிக்கும், ‘இட்’ தேயும். மூன்று சொல்லும் ஒரே மூச்சில் ‘பிக்கிட்டப்’ என்று வரும். இடைச்செருகலும் ஒரு சோதனை. ‘லுக் கேர்ஃபுலி அட் இட்’ செல்லும். ‘பிக் குவிக்லி அப் த பென்’ செல்லாது.

3. காரணம்

ஆங்கிலத் தொடரின் கடைசி இடம் கனமான இடம். புதுச் செய்தி அங்கேதான் வந்து அமரும், அழுத்தமும் அங்கேதான் விழும். நீண்ட உறுப்பு பின்னால் போகும் இந்த இயல்பை ஜெர்மானிய அறிஞர் ஓட்டோ பெஹாகெல் 1909இல் ஒரு விதியாகவே வகுத்தார். ‘இட்’ என்பது பேசுபவருக்கும் கேட்பவருக்கும் முன்பே தெரிந்த ஒன்றைக் குறிக்கும் மெலிந்த சொல். அழுத்தம் தாங்கக்கூடிய ஒட்டுச்சொல் பக்கத்தில் இருக்க, இந்த மெலிந்த சொல்லைக் கடைசியில் நிறுத்த ஆங்கிலக் காது ஒப்பாது. ‘இட்’ உள்ளே ஒதுங்குகிறது, ‘அப்’ முடிவைப் பிடித்துக்கொள்கிறது.

‘அவளை அல்ல, அவனைத்தான் அழைத்து வா’ என்று எதிர்நிறுத்தி அழுத்தும்போது ‘பிக் அப் ஹிம், நாட் ஹெர்’ என்று ஆங்கிலேயரே சொல்லக்கூடும். அங்கே ‘ஹிம்’ மெலிந்த சொல்லாக இல்லை, புதுச் செய்தியாகிவிட்டது. விலக்குபோல் தோன்றும் இதுவே விதியின் காரணத்தை உறுதிப்படுத்துகிறது.

4. வரலாறு, சுருக்கமாக

பழைய ஆங்கிலத்தில் இத்தகைய சிறுசொற்கள் பலவும் வினைக்கு முன்னே ஒட்டி நின்றன. ‘அண்டர்ஸ்டாண்ட்’, ‘வித்ஸ்டாண்ட்’, ‘ஓவர்கம்’ ஆகியவை அந்தக் காலத்தின் எச்சங்கள். பின்னர் இச்சொற்கள் வினைக்குப் பின்னால் நகர்ந்தன. 1066இல் நார்மானியர் வந்தபின் பிரெஞ்சு, லத்தீன் வினைகள் ஏட்டு வழக்கில் குவிந்தன. ‘அணை’ என்ற பொருளில் ‘எக்ஸ்டிங்விஷ்’ ஏட்டிலும் ‘புட் அவுட்’ வீட்டிலும் புழங்குவது இன்றும் கண்கூடு. உறவுமொழியான ஜெர்மனிலும் ‘அதை எடு’ என்பதற்கு ‘ஹேப் எஸ் அவுஃப்’ என்றே சொல்வர்: வினை, பெயர், ஒட்டு.

அயல்மொழியாருக்கு இத்தகைய கூட்டுவினைகள் பெருஞ்சிக்கல் என்பதை சாமுவேல் ஜான்சன் 1755ஆம் ஆண்டு அகராதியின் முன்னுரையிலேயே குறித்திருக்கிறார். இவற்றுக்கு ‘ஃப்ரேசல் வெர்ப்’ என்ற பெயரை லோகன் பியர்சால் ஸ்மித் 1925இல் தம் நூலில் வழங்கினார். அதைத் தமக்குச் சொன்னவர் ஆக்ஸ்ஃபோர்டு அகராதிப் பதிப்பாசிரியருள் ஒருவரான ஹென்றி பிராட்லி என்றும் எழுதினார்.

5. இரண்டும் சேரும் இடம்

ஒட்டும் முன்னுருபும் ஒரே வினையில் சேர்வதுண்டு. ‘புட் அப் வித் இட்’ (பொறுத்துக்கொள்) என்பதில் ‘அப்’ ஒட்டு, ‘வித்’ முன்னுருபு. ஆகவே ‘இட்’ கடைசியில். இன்னும் அழகான எடுத்துக்காட்டு ‘டோன்ட் டேக் இட் அவுட் ஆன் ஹிம்’. எங்கோ பட்ட கோபத்தை அவன்மேல் காட்டாதே என்று பொருள். இரண்டு மூவிடப்பெயர்கள், இரண்டும் தத்தம் இடத்தில்: ‘இட்’ ஒட்டுக்கு முன்னால், ‘ஹிம்’ முன்னுருபுக்குப் பின்னால். விதி முழுவதும் இந்த ஒரு தொடருக்குள் அடங்கிவிடுகிறது.

6. தமிழ் நாவில்

மாணவியின் பிழைக்கு வருவோம். நம் மொழியிலும் கூட்டுவினை ஏராளம்: உடைத்துவிடு, பார்த்துக்கொள், தூக்கிப்போடு. இவற்றின் நடுவே ‘ஏ’, ‘உம்’ போன்ற இடைச்சொல் நுழையும். ‘உடைத்தே விட்டான்’ என்கிறோம். பெயர் நுழையாது. ‘உடைத்து அதை விட்டான்’ என்றால் ‘விடு’ துணைவினையாக நில்லாமல் தனிவினையாகிவிடும். கூட்டுவினையைப் பிளக்கக் கூடாது என்று தமிழ் நம் காதைப் பழக்கியிருக்கிறது. அந்தக் காதுக்கு ‘பிக் அப் இட்’ இயல்பாகவே ஒலிக்கும்.

போதாததற்கு, ‘அவரை ஸ்டேஷன்ல பிக்கப் பண்ணிக்கோ’ என்று அந்த ஆங்கில வினையை ஒரே கட்டியாக்கித் தமிழுக்குள் கொண்டுவந்துவிட்டோம். தினமும் ‘பிக்கப்’ என்று சொல்லும் நாவு ஆங்கிலத்தில் மட்டும் அதைப் பிளக்குமா? ‘லைட்டை ஆஃப் பண்ணு’ என்பதில் இன்னும் ஒருபடி மேலே போய், வினையை விட்டுவிட்டு ஒட்டை மட்டும் எடுத்துக்கொண்டோம். பொருளின் பாரம் ஒட்டின்மேல்தான் இருக்கிறது என்பதைத் தெருப்பேச்சு எந்த இலக்கணமும் படிக்காமல் கண்டுகொண்டது.

மற்றொரு பழக்கமும் உண்டு. ‘போனை எடுத்தியா?’ என்றால் ‘எடுத்துட்டேன்’ என்கிறோம், ‘அதை’ தேவையில்லை. ஆங்கிலத்தில் ‘ஐ பிக்ட் இட் அப்’ என்று ‘இட்’டைச் சொல்லியே ஆக வேண்டும். தமிழில் சொல்லாமலே விடும் சொல்லுக்கு ஆங்கிலத்தில் இடம் தேட வேண்டியிருக்கிறது. தடுமாற்றம் சோம்பலால் வருவதல்ல.

ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். சொல்லேட்டில் ‘பிக் அப் = எடு’, ‘லுக் ஆஃப்டர் = பராமரி’ என்று எழுத வைக்காதீர்கள். ‘பிக் இட் அப்’, ‘லுக் ஆஃப்டர் ஹிம்’ என்று மூவிடப்பெயரோடு எழுதச் சொல்லுங்கள். எழுதியதை வாய்விட்டும் படிக்கச் சொல்லுங்கள்.