மணிலா வழியாக மயிலாப்பூர்

1958 டிசம்பரில் மணிலாவில் கூடிய ஆசியக் கத்தோலிக்க ஆயர்களுக்கு ஒரே கவலை. சீனாவிலிருந்து மிஷனரிகள் விரட்டப்பட்டிருந்தார்கள். பீக்கிங் வானொலியும் மாஸ்கோ வானொலியும் ஆசிய மொழிகளில் முழங்கிக்கொண்டிருந்தன. பதிலுக்குத் தங்களுக்கும் ஒரு வானொலி வேண்டுமென்று தீர்மானம் போட்டார்கள். தீர்மானம் போடக் காசு வேண்டாம். நிலையம் கட்ட வேண்டுமே!

ஜெர்மனி கைகொடுத்தது. அப்படியும் பத்து வருஷம் இழுத்தடித்து, 1969 ஏப்ரலில்தான் ‘ரேடியோ வேரித்தாஸ்’ திறப்பு விழா கண்டது. மறு வருஷம் போப் ஆறாம் பவுல் நேரிலேயே வந்து ஆசி வழங்கினார். கம்யூனிசத்துக்கு மறுமொழி சொல்லப் பிறந்த நிலையம் பின்னாளில் யாருடைய முற்றத்தில் ஒலிக்கப்போகிறது என்று அன்றைக்கு மேடையில் இருந்த ஒருவருக்கும் தெரியாது.

சென்னையில் இருந்த கத்தோலிக்கர்களுக்கு வேறொரு சிக்கல். 1924இலேயே சி.வி. கிருஷ்ணசாமி செட்டியின் மெட்ராஸ் பிரசிடென்சி ரேடியோ கிளப் ஒலிபரப்பில் இறங்கிய ஊர் இது. மூன்றே வருஷத்தில் கிளப்பின் கையில் காசு தீர்ந்தது. கருவி மாநகராட்சிக்குப் போயிற்று. 1938இல் அகில இந்திய வானொலி வந்தது. அதன்பின் காற்றலை சர்க்கார் சொத்து. எழுபதுகளில் தனியார் ஒருவர் கோபுரம் நடுவது நடக்கிற காரியமா? தோமையார் கல்லறை மேல் நிற்கும் சாந்தோம் பேராலயமே கேட்டிருந்தாலும் கிடைத்திருக்காது.

அதனால் சுற்றுவழி. மயிலாப்பூர் லஸ் சர்ச் சாலையில் இருந்த சாந்தோம் கலைத் தொடர்பு நிலையத்தில் பதிவான குரல்கள் கடல் தாண்டிப் போயின. மணிலாவில் இருந்த வேரித்தாஸ் தமிழ்க் குழுவின் நிகழ்ச்சிகளோடு சேர்ந்து சிற்றலையில் ஏறின. 4,000 கிலோமீட்டருக்கு மேல் பயணித்து மயிலாப்பூருக்கே திரும்பின. டிரான்சிஸ்டரின் முள்ளை மயிரிழை நகர்த்தினால் விசில், இன்னும் கொஞ்சம் நகர்த்தினால் யாரோ ஒரு சீனர். நடுவில் தமிழ்! நேயர்கள் ஒலித்தெளிவுக்கு ஐந்து இலக்கத்தில் மார்க் போட்டுக் கடிதம் எழுதினார்கள். பதிலுக்கு வண்ண அட்டை வந்தது. ஊருக்கு ஊர் நேயர் மன்றம் முளைத்தது. நல்ல பொழுதுபோக்கு, அவ்வளவுதான் என்று தோன்றியது.

1986 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் சர்வாதிகாரி மார்க்கோஸின் ஆட்கள் மாலோலோஸ் ஊரிலிருந்த வேரித்தாஸின் ஒலிபரப்புக் கருவியை அடித்து நொறுக்கினார்கள். மக்களைத் தெருவுக்கு அழைத்த கர்தினால் சின்னின் குரலை அது பரப்பிவிட்டதுதான் குற்றம். சில நாளில் ஓடியது மார்க்கோஸ்தான். அதே வருஷம் வேரித்தாஸுக்கு மகசேசே விருது கிடைத்தது. ஆனால் அதன் தமிழ்க் குரலுக்கான சோதனை பாக் நீரிணைக்கு அப்பால் காத்திருந்தது.

1990இல் இலங்கை உள்நாட்டுப் போரில் யாழ்ப்பாணத்தில் மின்சாரம் போயிற்று. பொருளாதாரத் தடைப் பட்டியலில் பேட்டரியும் இருந்தது. சைக்கிளைத் தலைகீழாகக் கவிழ்த்து, டைனமோவிலிருந்து ஒயர் இழுத்து ரேடியோவில் மாட்டினார்கள். ஒருவர் பெடலைக் கையால் சுற்றச் சுற்ற, சுற்றி உட்கார்ந்தவர்கள் செய்தி கேட்டார்கள். கை தளர்ந்தால் குரலும் தேயும். அடுத்தவர் எழுந்து பெடலைப் பிடிப்பார். லண்டன் பிபிசி தமிழோசைக்கும் மணிலா வேரித்தாஸுக்கும் இப்படித்தான் உயிர் கொடுத்தார்கள். பிரசங்கத்துக்காகக் கட்டிய நிலையத்தைத் தங்கள் நிலையமாக்கிக்கொண்டது அந்தக் கைகள்தான் என்பேன். கேட்டவர்களில் இந்துக்களும் ஏராளம். 1995 அக்டோபர் முடிவில் யாழ்ப்பாணமே இரவோடிரவாகக் காலியானபோது, இடம்பெயர்ந்தவர்களின் துயரத்தைச் சொல்லும் குரல்களில் ஒன்றாக வேரித்தாஸ் இருந்தது. அந்தப் பத்தாண்டின் பின்பாதியில் அதில் ஒலித்த ஜெகத் கஸ்பர் அடிகளாரின் குரலை ஈழத்தமிழர் பலர் இன்றும் மறக்கவில்லை.

காற்றலை பொதுச்சொத்து என்று உச்ச நீதிமன்றம் சொன்னதும் அதே 1995இல்தான். இனி மயிலாப்பூரிலேயே கோபுரம் நடலாம் போலிருந்தது. தனியார் எஃப்.எம். வந்தது, கூடவே மதம் சார்ந்த அமைப்புகளுக்கு உரிமம் கிடையாது என்ற விதியும் வந்தது!

2018 ஜூன் முடிவில் வேரித்தாஸ் சிற்றலையை நிறுத்தியது. கதை முடிந்தது என்றார்கள் பழைய நேயர்கள். இப்போது செல்போனில் விரலால் தட்டிக் கேட்கும் வேரித்தாஸ் தமிழ்ப்பணி, அந்தச் சிற்றலைக்காரர்தான். இணையத்தில் ஏறக் கோபுரமும் வேண்டியிருக்கவில்லை, டெல்லியின் உரிமமும் வேண்டியிருக்கவில்லை.