ஆர்எக்ஸ் ஜே1856.5-3754

ஆர்எக்ஸ் ஜே1856.5-3754 என்பது தென்மகுடம் என்னும் விண்மீன் குழாமின் திசையில், புவியிலிருந்து ஏறத்தாழ 400 ஒளியாண்டுகள் தொலைவில் உள்ள ஒரு தனித்த நியூட்ரான் விண்மீன் ஆகும். இதற்குத் துணை விண்மீன் இல்லை. இதனைச் சுற்றி வெடிப்பின் எச்சமும் காணப்படவில்லை. செருமனியின் ரோசாட் செயற்கைக்கோள் பதிவு செய்த எக்ஸ் கதிர் மூலங்களை ஆராய்ந்தபோது 1996 ஆம் ஆண்டில் இது நியூட்ரான் விண்மீன் என அடையாளம் காணப்பட்டது. இவ்வகை விண்மீன்களில் மிகவும் பிரகாசமானது இதுவே. எனினும் இதன் சுழற்சிக் காலத்தைக் கண்டறிய மேலும் 11 ஆண்டுகள் தேவைப்பட்டன.

சுழற்சியை அளக்கும் முறை

நியூட்ரான் விண்மீனின் மேற்பரப்பில் வெப்பம் எங்கும் ஒரே அளவில் இருப்பதில்லை. சூடான பகுதி நம்மை நோக்கித் திரும்பும்போது எக்ஸ் கதிர்கள் சற்றுக் கூடுதலாகவும், விலகும்போது குறைவாகவும் வந்து சேரும். வளிமண்டலம் எக்ஸ் கதிர்களைத் தடுத்துவிடுவதால் தொலைநோக்கி விண்வெளியில் இருக்க வேண்டும்.

தொலைநோக்கியின் உணரி ஒவ்வொரு ஒளியணுவும் வந்த நேரத்தைப் பதிவு செய்கிறது. புவி சூரியனைச் சுற்றுவதால் இந்நேரங்கள் முன்பின்னாக மாறுகின்றன (சூரியனிலிருந்து புவிக்கு ஒளி வரவே சுமார் 500 நொடிகள் ஆகும்). ஆகவே அவை முதலில் சூரியக் குடும்பத்தின் நிறைமையத்திற்குரிய நேரங்களாக மாற்றப்படுகின்றன. பின்னர் ஒரு சுழற்சிக் காலத்தை ஊகித்து, எல்லா ஒளியணுக்களையும் அக்கால அளவில் ஒன்றன்மேல் ஒன்றாக மடித்து அடுக்குவர். ஊகம் சரியெனில் மேடும் பள்ளமும் தெரியும். தவறெனில் கோடு தட்டையாகும். எக்ஸ்எம்எம்-நியூட்டன் தொலைநோக்கியின் பழைய தரவுகள் பொதுவில் கிடைப்பதால், நிரலாக்கம் அறிந்த மாணவர் இதனைத் தாமே செய்து பார்க்கலாம்.

துடிப்பு அகப்படாத காலம்

இவ்விண்மீனின் துடிப்பு மிக நலிந்தது. 10,000 ஒளியணுக்களை எண்ணினால், தற்செயலான ஏற்ற இறக்கமே சுமார் 100, அதாவது 1% இருக்கும். தேடும் துடிப்பும் ஏறத்தாழ அதே அளவினது. எனவே பல இலட்சம் ஒளியணுக்கள் இன்றி அதனைப் பிரித்தறிய இயலாது.

துடிப்பு தென்படாதது ஒரு பெரிய விவாதத்திற்கும் வழிவகுத்தது. 2002 ஆம் ஆண்டில் சந்திரா தொலைநோக்கியின் தரவுகளை ஆராய்ந்த குழுவினர், எக்ஸ் கதிர் வெளியிடும் பரப்பு நியூட்ரான் விண்மீனுக்கு மிகச் சிறியது என்றும், துடிப்பு இல்லாமையால் அது ஒரு சூடான புள்ளி மட்டுமாக இருக்க வாய்ப்புக் குறைவு என்றும் வாதிட்டனர். ஆகவே இது குவார்க்கு விண்மீனாக இருக்கலாம் என்றனர். ஆனால், கட்புல ஒளியின் அளவு குளிர்ந்த, பெரிய பரப்பு ஒன்றும் உள்ளதைக் காட்டுவதாகப் பிறர் சுட்டிக்காட்டினர்.

2007 ஆம் ஆண்டில் அந்திரேயா தியெங்கோ, சாண்ட்ரோ மெரெகெத்தி ஆகியோர் எக்ஸ்எம்எம்-நியூட்டன் தரவுகளில் 7.055 நொடி சுழற்சிக் காலத்தைக் கண்டறிந்தனர். துடிப்பின் அளவு சுமார் 1.2% மட்டுமே. சுழல் அச்சு நம்மை நோக்கியோ காந்த அச்சை ஒட்டியோ அமைந்திருப்பது இதற்குக் காரணமாகலாம். வலுவான ஈர்ப்பு ஒளியை வளைத்து மறுபக்கத்தையும் ஓரளவு காட்டுவதும் துடிப்பைக் குறைக்கும். குவார்க்கு விண்மீனும் சுழலக்கூடியதே என்பதால் இக்கண்டுபிடிப்பு மட்டுமே விவாதத்தை முடித்துவிடாது. ஆயினும் துடிப்பே இல்லை என்ற அடிப்படை அகன்றது.

வயதுச் சிக்கல்

தொடர்ந்த அளவீடுகளால் சுழற்சிக் காலம் ஆண்டுக்கு ஏறத்தாழ ஒரு நொடியின் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு நீள்வது 2008 ஆம் ஆண்டில் தெரியவந்தது. இதிலிருந்து காந்தப்புலம் சுமார் 1.5×10^13 காஸ் எனவும், வயது சுமார் 40 இலட்சம் ஆண்டுகள் எனவும் பெறப்படுகின்றன. ஆனால் விண்மீன் நகரும் பாதையைப் பின்னோக்கிக் கணித்தால் வயது ஏறத்தாழ 4 முதல் 5 இலட்சம் ஆண்டுகளே வருகிறது. சுழற்சி வழி வயது, பிறப்பின்போது விண்மீன் மிக வேகமாகச் சுழன்றது என்றும் காந்தப்புலம் மாறவில்லை என்றும் கொள்கிறது; இவற்றுள் ஒன்றேனும் இங்கே பொருந்தவில்லை.

பிற விண்மீன்கள்

இதையொத்த ஏழு விண்மீன்கள் 'மகத்தான எழுவர்' எனப்படுகின்றன. அவற்றுள் ஆர்எக்ஸ் ஜே0720.4-3125 விண்மீனின் காலம் நெடுநாள் 8.39 நொடி எனக் கருதப்பட்டது. ஒரு சுழற்சியில் ஏறக்குறைய ஒத்த இரு மேடுகள் உள்ளமையால் உண்மைக் காலம் 16.78 நொடி என 2017 ஆம் ஆண்டில் முன்வைக்கப்பட்டது. ஆர்எக்ஸ் ஜே1605.3+3249 விண்மீனுக்கு 2014 ஆம் ஆண்டில் அறிவிக்கப்பட்ட 3.39 நொடி காலத்தைப் பிந்தைய அவதானிப்புகள் உறுதிப்படுத்தவில்லை.