பேருந்து விரைவுப் போக்குவரத்து: ஒருங்கிணைப்பும் பொது ஒப்பீட்டு அளவீடும்

பேருந்து விரைவுப் போக்குவரத்து, சுருக்கமாகப் பி.ஆர்.டி., பேருந்துக்கென்றே ஒதுக்கிய தடத்தில், ஏறுவதற்கு முன்பே கட்டணம் வாங்கும் நிலையங்களோடு இயங்கும் நகரப் போக்குவரத்து முறை. பிரேசிலின் குரிட்டிபா நகரில் 1974இல் தொடங்கிய இம்முறை இன்று 180க்கும் மேற்பட்ட நகரங்களில் ஏதோ ஒரு வடிவில் இருக்கிறது. மெட்ரோ ரயிலுக்கு ஆகும் செலவில் ஒரு சிறு பங்கிலேயே, இரண்டு மூன்று ஆண்டுகளில் கட்டி முடிக்கலாம் என்பது இதன் ஈர்ப்பு. ஆனால் தடம் போட்ட எல்லா நகரங்களிலும் இது பலிக்கவில்லை. நிலைத்து நின்ற நகரங்களில் இரண்டு குணங்கள் பொதுவாகத் தெரிகின்றன. தடம் மற்றப் பேருந்துகள், ரயில், சிற்றுந்து, நடைபாதை ஆகியவற்றோடு இணைந்திருக்கிறது. நிர்வாகம் தன் கணக்கைப் பிற நகரங்களின் கணக்கோடு வைத்துப் பார்க்கத் தயங்குவதில்லை.

தடம் மிச்சப்படுத்தும் நேரம்

பேருந்து ஓடும்போது இழக்கும் நேரத்தைப் போலவே நிற்கும்போது இழக்கும் நேரமும் பெரிது. சீட்டு வாங்கியபடி ஒரே வாசலில் 40 பேர் படியேற, ஆளுக்கு 3 விநாடி என்று வைத்தாலே 2 நிமிடம் போய்விடும். அதே 40 பேர் நிலையத்துக்குள் நுழையும்போதே கட்டணம் செலுத்திவிட்டு, பேருந்தின் தரைமட்டத்துக்குச் சமமான நடைமேடையிலிருந்து நான்கு அகல வாசல்களில் உள்ளே நடந்தால் 20 விநாடியில் வண்டி கிளம்பலாம். 20 நிறுத்தங்கள் உள்ள வழியில் இந்த வித்தியாசம் மட்டும் அரை மணி நேரத்தைத் தாண்டும். குரிட்டிபாவில் 1991இல் வந்த குழாய் வடிவ நிலையங்கள் இதற்காகவே அமைந்தவை. வண்டி வந்து நின்றதும் வாசலிலிருந்து ஒரு பலகை இறங்கி நிலையத்தின் விளிம்பில் படியும்; சக்கர நாற்காலியும் குழந்தை வண்டியும் தடங்கலின்றி உள்ளே போகும்.

இப்படி மிச்சமாகும் அரை மணி நேரம் பயணியின் கைக்கு வருகிறதா என்பது வேறு கேள்வி. தடம் முடியும் இடத்தில் இறங்கி, சாலையைக் கடக்க வழியின்றி நின்று, அடுத்த பேருந்துக்குக் காத்திருந்து, இன்னொரு சீட்டும் வாங்க வேண்டியிருந்தால் நேரமும் போகிறது, காசும் போகிறது. நகரின் ஓரத்தில் வாடகை குறைவான இடத்தில் குடியிருப்பவர்களே இரண்டு மூன்று வண்டி மாறுகிறவர்கள். ஒருங்கிணைப்பு இல்லாத தடம் தன் நன்மையை முதலில் அவர்களிடமிருந்துதான் பறிக்கிறது.

குரிட்டிபா

கட்டடக் கலைஞரான ஜைமி லெர்னர் மேயராக இருந்தபோது குரிட்டிபாவின் முதல் தடம் திறந்தது. நகரம் எந்தத் திசைகளில் வளர வேண்டும் என்று வரைந்துகொண்டு, அந்த அச்சுகளின் நடுவே பேருந்தை ஓட்டினார்கள். உயரமான கட்டடங்களுக்கு அச்சின் ஓரத்தில்தான் அனுமதி கிடைத்தது. வண்டிகளுக்கு நிறம் பிரித்தார்கள்: தடத்தில் ஓடும் விரைவுப் பேருந்து சிவப்பு, சுற்றுப்புறங்களிலிருந்து முனையத்துக்கு ஆள் கொண்டுவரும் இணைப்புப் பேருந்து ஆரஞ்சு, புறப்பகுதிகளை ஒன்றோடொன்று இணைப்பது பச்சை. 1980இல் ஒரே கட்டணம் வந்தது. முனையத்துக்குள் எத்தனை வண்டி மாறினாலும் மறுபடி காசு கொடுக்க வேண்டாம். குறைந்த தூரம் போகிறவர் செலுத்தும் தொகையில் ஒரு பகுதி, தொலைவிலிருந்து வரும் ஏழைத் தொழிலாளியின் பயணத்தைத் தாங்கியது.

இந்த முறை நடக்க வேண்டுமானால் பேருந்து நிறுவனங்களுக்கு ஏற்றிய ஆளின் கணக்கில் பணம் தரக்கூடாது. ஓடிய கிலோமீட்டருக்குத் தர வேண்டும். வசூல் ஒரு பொதுக் கணக்கில் சேர வேண்டும். அந்தப் பொறுப்பை நகராட்சியின் உர்ப்ஸ் நிறுவனம் ஏற்றது. ஆனால் ஒருங்கிணைப்பு ஒருமுறை செய்து முடித்துவிடும் வேலையல்ல என்பதற்கும் குரிட்டிபாவே சான்று. மானியத்தை யார் ஏற்பது என்று மாநில அரசுக்கும் நகராட்சிக்கும் எழுந்த பிணக்கில், 2015இல் சுற்றியுள்ள ஊர்களின் வழித்தடங்களோடு இருந்த நிதி இணைப்பு முறிந்தது. முன்னோடி நகரத்திலேயே அப்படி.

போகோட்டாவும் சாந்தியாகோவும்

கொலம்பியத் தலைநகர் போகோட்டாவில் முன்பு தனியார் பேருந்துகள் ஒவ்வொரு பயணிக்காகவும் முந்திக்கொண்டு ஓடும். மக்கள் அதைக் காசுப் போர் என்றே சொன்னார்கள். மேயர் என்ரிக்கே பென்யலோசா காலத்தில் 2000 டிசம்பரில் தொடங்கிய டிரான்ஸ்மிலேனியோ அதை முக்கியத் தடங்களில் நிறுத்தியது. நிலையங்களில் முந்திச் செல்ல இரண்டாவது தடம், அதாவது முந்து தடம், அமைத்ததால், எல்லா நிலையத்திலும் நிற்கும் வண்டியும் சில நிலையங்களில் மட்டும் நிற்கும் வண்டியும் ஒரே சாலையில் ஓட முடிந்தது. மணிக்கு ஒரு திசையில் சுமார் 45,000 பேரைக் கொண்டுசெல்லும் திறன் அப்படித்தான் வந்தது. பல மெட்ரோ ரயில் தடங்கள் இந்த அளவை எட்டுவதில்லை. நகரின் மற்றப் பேருந்துகளையும் சேர்க்கும் திட்டம் 2012இல் தொடங்கியபோது மட்டும் ஒரு தவறு நேர்ந்தது. பழைய தடங்களுக்கு ஒரு கட்டண அட்டை, புதியவற்றுக்கு வேறொன்று. ஒன்று மற்றதில் செல்லாது. ஒப்பந்தத்தில் விட்ட இந்த ஓட்டையால் மக்கள் சில ஆண்டுகள் இரண்டு அட்டைகளைச் சுமந்தார்கள்.

சிலியின் சாந்தியாகோ இதைவிடப் பெரிய பாடம் படித்தது. 2007 பிப்ரவரி 10 அன்று நகரின் எல்லாப் பேருந்து வழிகளும் ஒரே நாளில் மாற்றப்பட்டன. மெட்ரோவுக்கும் பேருந்துக்கும் ஒரே அட்டை வந்தது. ஆனால் தனித்தடங்கள் பெரும்பாலும் தயாராகவில்லை. போதிய வண்டிகள் இல்லை. எந்தப் பேருந்து எங்கே இருக்கிறது என்று காட்டும் கட்டுப்பாட்டு முறையும் வேலை செய்யவில்லை. மக்கள் மெட்ரோவுக்குத் திரண்டார்கள், அங்கே மூச்சுவிட இடமில்லாமல் போயிற்று. குடியரசுத் தலைவர் மிச்செல் பச்செலெட் நாட்டு மக்களிடம் மன்னிப்புக் கேட்டார். கட்டண இணைப்பு சரியான எண்ணந்தான். அதைத் தாங்கும் தடமும் வண்டியும் முன்னால் வந்திருக்க வேண்டும்.

தடம் கூடாமல் பயணிகள் கூடிய நகரம்

இந்தோனேசியாவின் ஜகார்த்தாவில் டிரான்ஸ்ஜகார்த்தா 2004 ஜனவரியில் ஒரே தடத்தோடு தொடங்கியது. பத்தாண்டுகளில் தடங்கள் பெருகின, ஆனால் 2016இல்கூட நாளொன்றுக்குச் சுமார் மூன்றரை லட்சம் பேர்தான் பயணம் செய்தார்கள். 2020 பிப்ரவரியில் அந்த எண்ணிக்கை பத்து லட்சத்தைத் தொட்டது. இடையில் சேர்ந்த தனித்தடம் 2017இல் திறந்த 13ஆவது தடம் ஒன்றுதான். மற்ற வளர்ச்சி பெரும்பாலும் இணைப்பிலிருந்து வந்தது. சாதாரணச் சாலைப் பேருந்துகளைத் தடத்தோடு சேர்த்தார்கள். சந்துகளில் ஓடிய ஆங்கோட் சிற்றுந்துகளை ஒப்பந்தத்துக்குள் கொண்டுவந்தார்கள். அதற்குமுன் ஆங்கோட் ஓட்டுநர் தினமும் உரிமையாளருக்கு ஒரு நிலையான தொகை கட்டிவிட்டு மிச்சத்தை எடுத்துக்கொண்டார். வண்டி நிரம்பும் வரை தெருமுனையில் நிற்பது அவருக்குக் கட்டாயமாயிருந்தது. கிலோமீட்டருக்குப் பணம் என்றானதும் நேரத்துக்குக் கிளம்ப முடிந்தது. பேருந்து, மெட்ரோ, இலகு ரயில் மூன்றையும் மூன்று மணி நேரத்துக்குள் மாறிப் பயணம் செய்தால் 10,000 ரூப்பியாவுக்கு மேல் பிடிக்கக்கூடாது என்ற உச்சவரம்பு 2022இல் வந்தது.

சீனாவின் குவாங்சோ வேறு வழியில் போனது. 2010இல் திறந்த அதன் 22.5 கிலோமீட்டர் தடத்தில் 30க்கும் மேற்பட்ட வழித்தடப் பேருந்துகள் நுழைந்து, வேண்டிய இடத்தில் வெளியேறிச் சாதாரணச் சாலையில் தொடர்கின்றன. பலர் வண்டி மாறவே வேண்டியதில்லை. நிலையத்திலிருந்து மெட்ரோவுக்குச் சுரங்கப்பாதையும், வாடகை மிதிவண்டி நிறுத்தங்களும் திட்டத்திலேயே இருந்தன. எல்லா நகரத்துக்கும் இந்த வழி பொருந்தும் என்று சொல்ல முடியாது என்றாலும், பயணியின் பக்கமிருந்து பார்த்தால் இதுவே மிகக் கனிவான வடிவம்.

இந்தியா

தில்லியில் அம்பேத்கர் நகர் முதல் மூல்சந்த் வரை 5.8 கிலோமீட்டர் தடம் 2008இல் திறந்தது. அதை எதிர்த்த மனுவை 2012இல் தில்லி உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தபோதும், 2016இல் அரசு தடத்தையே அகற்றியது. தடம் அரைகுறையாகவே இருந்தது: சீட்டு வண்டிக்குள்தான், நிலையத்தில் கட்டணம் வாங்கும் ஏற்பாடு இல்லை, இரு முனைகளிலும் வண்டிகள் பழைய நெரிசலுக்குள்ளேயே விழுந்தன. அகமதாபாத்தின் ஜன்மார்க் 2009இல் இதைவிட முழுமையாக வந்தது. ஆனால் அதன் நிலையங்கள் சாலை நடுவே இருந்ததால் வண்டிகளுக்கு வலப்பக்கம் உயரமான வாசல் வைத்தார்கள். இடப்பக்க வாசல் கொண்ட பழைய நகராட்சிப் பேருந்து அங்கே நிற்க முடியாது, ஜன்மார்க் வண்டி சாதாரண நிறுத்தத்தில் ஆள் ஏற்ற முடியாது. வாசல் எந்தப் பக்கம் என்ற ஒரு முடிவு இரண்டு அமைப்புகளைப் பிரித்துவைத்தது. 2015இல் வந்த புனேயின் ரெயின்போ வண்டிகளுக்கு இரு பக்கமும் வாசல் இருந்தது.

சென்னையில் பி.ஆர்.டி. தடம் பலமுறை திட்டமாகி, ஒருமுறையும் சாலைக்கு வரவில்லை. ஒருங்கிணைப்புக்கான ஒருங்கிணைந்த பெருநகரப் போக்குவரத்துக் குழுமச் சட்டம் 2010இலேயே இயற்றப்பட்டு, 2019இல்தான் நடைமுறைக்கு வந்தது. மாநகரப் பேருந்து, மெட்ரோ, புறநகர் ரயில் மூன்றுக்கும் ஒரே செயலியில் பயணச்சீட்டு 2025இல் வந்தது.

ஒப்பீட்டு அளவீடு

ஒரு நிர்வாகம் தன் வேகம், செலவு, விபத்து, பழுது ஆகியவற்றைப் பொதுவான வரையறையில் அளந்து, ஒத்த நிர்வாகங்களோடு ஒப்பிட்டுத் திருத்திக்கொள்வதே ஒப்பீட்டு அளவீடு. மெட்ரோ ரயில் நிர்வாகங்கள் 1994இல் இப்படி ஒரு குழு அமைத்தன. பேருந்துக்கான பன்னாட்டுக் குழு 2004இல் லண்டன் இம்பீரியல் கல்லூரியின் ஆய்வு மையத்தின் துணையோடு தொடங்கியது. உறுப்பினர்கள் தங்களுக்குள் எண்களைத் திறந்து வைப்பார்கள். வெளியே பெயரோடு சொல்லக்கூடாது. இந்த இரகசியம் குறையாகத் தோன்றலாம். ஆனால் நாளை செய்தித்தாளில் கடைசி இடம் என்று வரும் என்றால் எந்த அதிகாரியும் தன் பழுதுக் கணக்கைக் குறைத்துத்தான் எழுதுவார்.

இலத்தீன் அமெரிக்க நகரங்களின் பி.ஆர்.டி. நிர்வாகங்கள் சேர்ந்து 2010இல் சிப்ரட் என்ற கூட்டமைப்பை உருவாக்கின. சாந்தியாகோவின் கத்தோலிக்கப் பல்கலைக்கழகத்தை மையமாகக் கொண்ட ஆய்வு மையமும் நகரப் போக்குவரத்துக்கான எம்பார்க் அமைப்பும் உலகத் தடங்களின் விவரங்களை ஒரே பொதுத் தளத்தில் தொகுத்தன. 2012இல் போக்குவரத்து, வளர்ச்சிக் கொள்கைக்கான ஐ.டி.டி.பி. அமைப்பு பி.ஆர்.டி. தரநிலை என்ற மதிப்பெண் முறையை வெளியிட்டது. 100க்கு 85 பெற்றால் தங்கம், 70க்கு வெள்ளி, 55க்கு வெண்கலம்.

எண்களை ஒப்பிடுவது பார்ப்பதைவிடக் கடினம். இஸ்தான்புல்லின் மெட்ரோபஸ் மணிக்கு 35 கிலோமீட்டருக்கு மேல் போகிறது, குரிட்டிபாவின் சிவப்புப் பேருந்து சுமார் 20இல். இஸ்தான்புல் வண்டி விரைவுச்சாலையின் நடுவே, சிக்னலே இல்லாமல், 52 கிலோமீட்டரில் 44 நிலையங்களில் மட்டும் நிற்கிறது. குரிட்டிபா வண்டி அரைக் கிலோமீட்டருக்கு ஒன்றாக, குறுக்குத் தெருக்களைக் கடந்து போகிறது. பயணி நடக்கும் தூரத்தையும் கணக்கில் எடுத்தால் யார் வேகம் என்பது மாறக்கூடும். கிலோமீட்டர் என்ற எளிய அளவிலும் சிக்கல் உண்டு. பணிமனையிலிருந்து முதல் நிறுத்தம் வரை காலியாக ஓடும் டெட் கிலோமீட்டரைச் சேர்த்தால் கிலோமீட்டர் செலவு குறைந்து தெரியும், விட்டால் கூடும். நேரந்தவறாமை என்பதற்கு ஒரு நகரம் 3 நிமிடம் என்று வைத்திருக்கும், இன்னொன்று 5. இந்த வரையறைகளைச் சரிசெய்வதற்குள்ளேயே பாதி வேலை முடிந்துவிடுகிறது. நிர்வாகம் தன்னைப் பற்றித் தெரிந்துகொள்வதும் அப்போதுதான்.

தமிழ்நாட்டு அரசுப் போக்குவரத்துக் கழகங்களுக்கு இது புதிதல்ல. லிட்டர் டீசலுக்கு எத்தனை கிலோமீட்டர் என்ற கே.எம்.பி.எல். கணக்குப் பணிமனைப் பலகையிலேயே இருக்கும். அகில இந்திய அளவில் அதற்கு விருதும் உண்டு. தமிழகக் கழகங்கள் அதைத் தொடர்ந்து பெற்றுவந்திருக்கின்றன. ஆனாலும் நிறுத்தத்துக்கு நிறுத்தம் நின்று போகும் மாநகர வண்டியை நெடுஞ்சாலை வண்டியோடு ஒரே வரிசையில் வைப்பது நியாயமாகாது. டீசலை இத்தனை கவனமாக அளக்கும் பழக்கம், பயணி காத்திருந்த நிமிடங்களை அளப்பதில் இன்னும் வரவில்லை. இந்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2009இல் வெளியிட்ட சேவைத்தர அளவுகோல்களில் சராசரிக் காத்திருப்பு நேரமும் ஒன்று.

பகிர்ந்த அளவீட்டின் பயனுக்கு முந்து தடம் நல்ல எடுத்துக்காட்டு. போகோட்டா தன் அடிப்படையைக் குரிட்டிபாவிடம் கற்று, முந்து தடத்தைச் சேர்த்துத் திறனைப் பெருக்கியது. அந்தக் கணக்கைப் பார்த்த குரிட்டிபா, 2009இல் திறந்த பசுமைத் தடத்தில் அதையே அமைத்தது. பழைய பொக்கெய்ராவ் அச்சிலும் நிலையங்களில் முந்த இடம் விட்டு 2011இல் விரைவுச் சேவை ஓட்டியது.

மதிப்பெண் முறைக்கு வந்த பெரிய எதிர்ப்பு, அது கட்டுமானத்தை அளந்துவிட்டு இயக்கத்தை விட்டுவிடுகிறது என்பது. ரியோ டி ஜெனீரோவில் 2012இல் பெருமையோடு திறந்த தடம், பெயர்ந்த சாலை, பழுதான வண்டி, பிதுங்கும் கூட்டம் என்று சீர்கெட்டு, 2021இல் நகராட்சியே இயக்கத்தை எடுத்துக்கொள்ள வேண்டியதாயிற்று. தரநிலையின் பிற்காலப் பதிப்புகள் பராமரிப்பின்மை, மிகை நெரிசல், தடத்துக்குள் பிற வண்டிகள் நுழைவது ஆகியவற்றுக்கு மதிப்பெண் கழிக்கின்றன. பிரேசில் நகரங்கள் சில, குவாலியோனிபஸ் என்ற திட்டத்தின் கீழ் ஒரே கேள்வித்தாளைக் கொண்டு பயணிகளின் திருப்தியை அளந்து ஒப்பிடுகின்றன. நிறுத்தம் வரை நடக்கும் பாதை, இரவில் அங்கே நிற்பதன் பாதுகாப்பு ஆகியவையும் அதில் கேட்கப்படுகின்றன.